நிறுத்த மறந்த வகுப்பு

மதிவாணன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்கு முன் பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார், விளக்கைத் தட்டிப் பார்ப்பார், டயரை ஒரு உதை விடுவார். சமையல் கேஸ் தோங்கின் வால்வு மூடியிருக்கிறதா என்று படுக்கப்போகும் முன் எழுந்துபோய்த் திருகிப் பார்ப்பார். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர் வேறு எப்படி இருப்பார்? ஆனால் கோவிட் சமயத்து எம்சிஓ ஊரடங்கில் கல்லூரியை மூடிவிட்டு எல்லாரும் வீட்டிலிருந்தே வகுப்பு எடுத்தபோது, ஒன்றை மட்டும் அவர் மறந்துகொண்டே இருந்தார். பாடம் முடிந்ததும் பதிவை நிறுத்துகிற பொத்தான்.

அவர் காலமாகி முதலாம் ஆண்டு நெருங்கிய சமயத்தில், அந்த மறதி அவர் மனைவி பிரேமலாவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவளுக்கும் அதே கல்லூரியில்தான் வேலை. மாசாய் கடைவரிசைக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தனியார் கல்லூரி. மழைக்கு முந்திய புழுக்கத்தில் எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து செம்பனை எண்ணெய் வாடை வந்து அலுவலகத் திரைச்சீலையில் ஒட்டிக்கொள்ளும். கல்விப் பிரிவில் அவள் குமாஸ்தா. பிரிவுத் தலைவி ஷர்மைன் வயதில் இளையவள், தெலுக் ஜாவாவிலிருந்து கார் ஓட்டி வருகிற கத்தோலிக்கப் பெண். பதவியில் பெரியவள் என்பதால் பிரேமலா அவளை மிஸ் என்பாள். வயதில் பெரியவள் என்பதால் ஷர்மைன் அவளை அக்கா என்பாள்.

"அக்கா, பழைய சிஸ்டத்த மூடப் போறாங்க" என்றாள் ஷர்மைன் ஒரு காலையில், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "எம்சிஓ டைம் ரெக்கார்டிங் எல்லாம் அதுலதான் கெடக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்னு ரெண்டு எடுத்து வச்சிட்டு மத்தத அழிச்சிரணும். தர மதிப்பீட்டுக்கு ஆளுங்க வந்தா காட்டணும்ல."

"முழுசா பாக்கணுமா மிஸ்?"

"ஐயோ, வேணாம். ஆரம்பத்துல கொஞ்சம் பாத்தா போதும். பாடம் பேரு, லெக்சரர் முகம், சத்தம் தெளிவா இருக்கா, அவ்வளவுதான். அதுக்கு மேல உள்ள போவாதீங்க. பிள்ளைங்க சொந்த விஷயம் என்னென்னமோ கெடக்கும். ஒரு பையன் மைக்க அடைக்காம அவங்கம்மாகிட்ட துடைப்பத்தாலயே வாங்கிக்கிட்டான், ஞாபகம் இருக்கா?" சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள். "அக்கா, சாரோடதும் அதுல இருக்கும். வேணும்னா அத மட்டும் நான் பாத்துக்கிறேன்."

"பரவால்ல மிஸ். நானே பாக்குறேன்."

ஷர்மைன் அவள் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, சம்பாலில் கிடந்த ஈக்கான் பிலிஸ் நெத்திலியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

வீட்டில் மதிவாணனுடைய குரல் எங்கும் இல்லை. கல்யாண சிடி பூஞ்சை பிடித்துப் போயிற்று. வாட்சப்பில் பேசி அனுப்புகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. 'வாங்கிட்டேன்', 'வர்றேன்', 'ஓகே' என்று எழுத்தில்தான் அனுப்புவார். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து விழுந்தவர். ஆஸ்பத்திரியில் கண் திறந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் சோறு வடிக்கும்போது அவர் குரலை நினைத்துப் பார்த்தாள் பிரேமலா. முகம் வந்தது. முதுகு வந்தது, சட்டையின் வேர்வை வாசனை கூட வந்தது. குரல் வரவில்லை. கஞ்சித் தண்ணீர் கையில் கொட்டியது கூட அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அதனால்தான் மற்றவர்கள் மாமாக் கடைக்குச் சாப்பிடப் போன நேரத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பெயரைத் தட்டினாள்.

முதலில் வந்தது வகுப்புக் குரல். ஆங்கிலத்தில், கொஞ்சம் மலாய் கலந்து, சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசுகிற குரல். யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. ஏமாற்றமாக நிறுத்தப் போனாள். பதிவின் நீளத்தைப் பார்த்ததும் கை நின்றது. வகுப்பு முடிந்து வெகுநேரம் அது ஓடியிருந்தது. கடைசிப் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. மின்விசிறி சுற்றியது. மதிவாணன் பெருமூச்சு விட்டு, "அப்பாடா, தொண்டை போச்சு" என்றார் தமிழில், யாருக்கும் இல்லாமல்.

பிரேமலா மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் தொடக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் வால் பகுதியை மட்டும் கேட்டாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தண்ணீர் குடிக்கிற சத்தம், அடுத்த வீட்டு நாய். சிலவற்றில் பிள்ளைகள் யாராவது நின்று அசைன்மெண்டுக்குத் தவணை கேட்பார்கள், இன்டர்நெட் இல்லை என்பார்கள். அது தனக்குரியது அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஷர்மைன் சொன்னதும் காதில்தான் இருந்தது. என் புருஷன்தானே என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

அப்படித்தான் லோஷினி வந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் மட்டும் நின்றிருக்கிறாள். முதலில் அழுகைதான் வந்தது. அது அடங்கட்டும் என்று மதிவாணன் காத்திருந்தார். அப்புறம், "சொல்லும்மா" என்றார்.

"சார், எங்கப்பா சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டாரு, பார்டர் மூடிட்டாங்கன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. பார்டர் தொறந்தாலும் வர மாட்டாரு சார். அங்க வேற ஒருத்தங்களோட இருக்காரு. எனக்குத் தெரியாதுன்னு அம்மா நெனச்சிக்கிட்டிருக்காங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அவங்க ஒடஞ்சி போயிருவாங்க."

"சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"மொதல்ல சாப்பிடு. அழுவுறதுக்கும் தெம்பு வேணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சிரிப்பது கேட்டது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "இத நீ எங்கிட்ட சொன்ன. எங்கிட்டயே இருக்கும். எங்க வீட்ல கூட சொல்ல மாட்டேன். தைரியமா இரு."

அந்த நேரம் தூரத்திலிருந்து, அடுப்படியிலிருந்து, ஒரு பெண் குரல்: "என்னங்க! சட்னிக்கு உப்பு பாருங்க, வாங்க!"

"இதோ வந்துட்டேன் பிரே."

பிரேமலா அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓட்டினாள். அவரைவிடத் தன் குரல்தான் அவளைப் புரட்டிப் போட்டது. எவ்வளவு அலட்சியமான குரல். கூப்பிட்டால் ஆள் வரும் என்பதில் சந்தேகமே இல்லாத குரல். அன்றைக்கு அவர் வந்து சட்னியை விரலால் தொட்டு நக்கியிருப்பார், தோசையும் தின்றிருப்பார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிவரை சொன்னதில்லை.

வீட்டில் மாமனார் வீரமுத்துவிடம் அன்று சாயங்காலம் வாய்விட்டாள். வீரமுத்து ரெங்கம் பக்கத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். மகன் போன பிறகும் மருமகளோடுதான் இருக்கிறார். வேறெங்கும் போக இடமில்லாமல் இல்லை. மகன் செருப்பு இந்த வாசலில் கிடக்கிறது என்பதற்காக.

"குரல் இருக்கா? மதி குரலா?" என்றார். "கொண்டாயேன் ஆயி. போன்ல போட்டுக் கொண்டா."

"ஆபிஸ் சாமான் மாமா அது. எடுத்துட்டு வரக்கூடாது."

"அவன் என்ன ஆபிஸ் சாமானா?"

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். "பாக்குறேன்" என்றாள். அதன் பிறகு அவள் வேலை விட்டு வரும்போதெல்லாம் கிழவர் வாசல் கேட்டருகே நின்று முதலில் அவள் கைப்பையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

நினைவு நாளன்று வீட்டு முன்னால் பந்தல் போட்டு, மதிவாணனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். கோழிப் பெரட்டல், கருவாட்டுச் சம்பால், கெட்டிக் கோப்பி. பழைய மாணவர்கள் வந்தார்கள். லோஷினியும் வந்தாள், தன் அம்மா ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு. படிப்பை முடித்து இப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறாள். சார் விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தவளும் அவள்தான்.

ராசம்மா கூடத்தில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அவங்கப்பாவும் வரணும்னுதான் இருந்தாரு. லீவு கெடைக்கல. சிங்கப்பூர்ல ஓவர்டைம், கேக்கவா வேணும்."

அடுப்படியில் லோஷினி வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துப் பேச்சு அவளுக்கும் கேட்டது. தலையைத் தூக்காமல் துடைத்ததையே துடைத்தாள். பிரேமலாவுக்கு அவள் பெற்ற பிள்ளை மாதிரித் தோன்றினாள். பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"விடும்மா. அந்தப் பொம்பளையோட அவரு இருந்துட்டுப் போறாரு. நீ ஒத்தையா நின்னு அம்மாவப் பாத்துக்குற பாரு, அது போதும்."

லோஷினியின் கை நின்றது. முகம் வெளுத்துப்போவது கண்ணுக்கே தெரிந்தது.

"சார் சொன்னாரா ஆன்ட்டி?"

பிரேமலா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சமையலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி உள்ளே நுழைந்து, "பாயசக் கரண்டி எங்கடி? எல்லாம் குழம்புக் கரண்டியா கெடக்கு" என்று கூவினாள். பிரேமலா திரும்பிக் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். கரண்டி எடுக்கிற நேரம்தான். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் சார்தான் சொன்னார் என்று தன் கேள்விக்கு விடையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"அம்மா, கெளம்பலாம்."

"என்னடி இது? படைச்ச வீட்ல சாப்பிடாம எந்திரிக்கிறதா?" என்று பதறினாள் ராசம்மா. "சாருக்குடி!"

"ஷிப்ட் மாத்திட்டாங்கம்மா. வாங்க."

அவளுக்கு விரித்த இலையில் தெளித்த தண்ணீர் காயாமல் கிடந்தது. பிரேமலா வாசல்வரை ஓடினாள். மோட்டார் முனை திரும்பிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ராசம்மா மட்டும் சங்கடமாகத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது வீரமுத்து வந்தார். "அந்த ஒல்லிப் பிள்ள ஏன் சாப்பிடாம போச்சு? கருவாடு கரிச்சிருச்சா? நான் சொன்னேன்ல, ஊறப்போடுன்னு."

"கருவாடு இல்ல மாமா."

"பின்ன?"

அவள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. 'எங்க வீட்ல கூட சொல்ல மாட்டேன்' என்றவர், சொல்லாமலே செத்தும் போனார். இப்போது அவருடைய படையலன்று, அவருடைய வீட்டு அடுப்படியில், அவர் வாக்குத் தவறியவராகிவிட்டார். தான்தான் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயர் மீளும். சொன்னால் வேலை போகலாம். குரல் நிச்சயம் போகும்.

அந்த வாரம் முழுதும் அவள் ஹெட்போனைத் தொடவில்லை. தொட்டால் சொல்ல மனம் வராது என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டதும், லோஷினி குடியிருக்கிற தொழிலாளர் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற கடையில் போய்க் காத்திருந்தாள். தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஈரத் தரையில் பூட்ஸ் பதிய லோஷினி இறங்கினாள். இவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பப் பார்த்தாள்.

"லோஷினி. ஒரு தே ஓ குடிக்கிற நேரம் மட்டும்மா."

உட்கார்ந்தாள். பாதுகாப்புத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் கொண்டுவந்து வைத்த தே ஓவை, பாலில்லாத ஐஸ் தேநீரை, அவள் தொடவில்லை.

"சார் சொல்லல" என்றாள் பிரேமலா. "அவரு யார்கிட்டயும் சொல்லல, எங்கிட்ட கூட. வகுப்பு முடிஞ்சும் ரெக்கார்டிங்க நிறுத்த மறந்துட்டாரு. பழசெல்லாம் அழிக்கிற வேல எனக்கு வந்துச்சு. ஆரம்பத்த மட்டும்தான் பாக்கணும்னு சொல்லியிருந்தாங்க. நான் முழுசா கேட்டேன்."

லோஷினி நிமிர்ந்தாள். "நான் அழுதது?"

"ஆமாம்மா."

"அலமாக்" என்றாள் மெதுவாக. முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, கோபத்தால். "ஏன் ஆன்ட்டி? உங்களுக்குத் தேவையா?"

"அவரு குரலு மறந்துபோச்சும்மா. அதுக்குத்தான்."

"எனக்கும்தான் சார் குரல் மறந்துபோச்சு. ஆனா அதுல என் குரலும் இருக்குல்ல?" பிரேமலா தலை குனிந்தாள். லோஷினி தொடர்ந்தாள்: "சார் செத்தப்புறமும் அவரு நம்பர போன்ல வச்சிருந்தேன். அன்னைக்கு உங்க வீட்லேருந்து போனதும் அழிச்சிட்டேன். நல்லவருன்னு ஒருத்தரத்தான் நெனச்சிருந்தேன், அதுவும் போச்சுன்னு."

"என்னைத் திட்டும்மா. அவர வேணாம்."

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். வாய் வரல."

மேலே எந்த மாடியிலோ யாரோ ஈரத் துணியை உதறினார்கள். தண்ணீர் மேசையில் தெறித்தது. லோஷினி அண்ணாந்து, "ஹோய், கீழ ஆளு இருக்கோம்லா!" என்று சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

"அத அழிச்சிருங்க ஆன்ட்டி. வேற யாரும் கேக்குறதுக்குள்ள."

"அழிக்கணும். ஆனா நான் தனியா உக்காந்து அழிக்கக் கூடாது. மிஸ் ஷர்மைன்கிட்ட என் தப்பச் சொல்லிட்டு, அவங்க கையால அழிக்கச் சொல்றேன். உன் பேரு வராது. என்ன விஷயம்னும் வராது."

"வேல போயிரும்ல உங்களுக்கு?"

"தெரியல."

லோஷினி தே ஓவை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். நெடுநேரம் தொப்பியின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார் நம்பரு சொல்லுங்க."

பிரேமலாவுக்கு அது மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். லோஷினி ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

ஷர்மைனிடம் திங்கட்கிழமை காலையில் சொன்னாள். ஷர்மைன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கே சாரோட ரெக்கார்டிங்க நானே பாத்திருக்கணும்" என்றாள். "உங்க மூஞ்சியப் பாத்தேன், தெரிஞ்சுது. ஆனாலும் குடுத்தேன்."

"உங்க மேல தப்பு இல்ல மிஸ். நீங்க சொன்னீங்க. நான்தான் மீறுனேன்."

"மேல சொல்லித்தான் ஆகணும் அக்கா. மறைக்க முடியாது. எச்சரிக்கை வரும். இந்தப் பிரிவுல வச்சிருக்க மாட்டாங்க, கவுண்டருக்குப் போடுவாங்க."

"சரி மிஸ்."

"என்ன இருந்துச்சுன்னு கேக்கல. எந்தப் பதிவுன்னு மட்டும் காட்டுங்க."

பிரேமலா திரையில் தொட்டுக் காட்டினாள். ஷர்மைன் சுட்டியின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "சார் தனியா பாடம் நடத்துற பாகத்த மட்டும் வெட்டி, குடும்பத்துக்குக் குடுக்கலாமான்னு மேனேஜ்மெண்ட்ட கேக்குறேன். இங்கிலீஷ்லதான் இருக்கும். லேட்டாவும் ஆகும்."

"கேளுங்க மிஸ். நன்றி."

"இத அழிக்கட்டுமா?"

பிரேமலாவின் கை, அவளைக் கேட்காமலே, மேசை விளிம்பைப் பிடித்தது. அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது அந்த ஒன்றில் மட்டும்தான் இருந்தது. எல்லாவற்றையும் தேடிவிட்டாள். வேறு எதிலும் இல்லை.

"அழிங்க மிஸ்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வீரமுத்து கேட்டருகில் நின்றார். "இல்ல மாமா" என்றாள், அவர் கைப்பையைப் பார்ப்பதற்குள். "கொண்டு வரல. நல்லதா இருந்தது போயிருச்சு. மத்தது குடுத்தாலும் குடுப்பாங்க. உங்களுக்குப் புரியாத இங்கிலீஷு."

கிழவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ கேட்டுட்ட. நான் கேக்கல" என்றார்.

அது உண்மைதான். அவள் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னதான் பேசுனான்? நீயாவது சொல்லேன்."

பிரேமலா எதிரில் உட்கார்ந்தாள். "உங்களப் பத்திப் பேசுனாரு மாமா, நான் மொதல்ல கேட்ட வகுப்புல."

"என்னையா? பிள்ளைங்க முன்னாடியா?"

"எங்கப்பாவுக்குத் தோட்டத்துல தலைக்குப் போடச் சொல்லி ஒரு தொப்பி குடுத்தாங்க, அவரு அதுல கால்வாய் மீன் பிடிச்சிட்டு வந்தாரு, நாங்க கொழம்பு வச்சுத் தின்னோம், நீங்க யாரும் அப்படிச் செய்யாதீங்கன்னாரு."

வீரமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இருமலும் சேர்ந்து வந்தது. "கெளுத்தி! தொப்பி நெறைய கெளுத்தி! படவா, அத இன்னும் ஞாபகம் வச்சிருந்தானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் சொல்லு. தமிழ்ல பேசுனானா எதுலயாச்சும்?"

"பேசுனாரு. ஒரு ஸ்டூடண்ட் கிட்ட. நல்லா ஆறுதலா பேசுனாரு."

"என்னன்னு?"

"அத சொல்ல மாட்டேன் மாமா."

"ஏன், அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?"

"சொல்ல மாட்டேன்."

"அட, எங்கிட்டகூடவா? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? என் மவன் பேசுனத நான் கேக்கக் கூடாதா?"

அவள் பேசாமல் அவரைப் பார்த்தாள். வீரமுத்துவின் குரல் உயர்ந்தது. கோப்பிக் குவளையை மேசையில் டொக்கென்று வைத்தார். "கல்லு! கல்லு மாதிரி உக்காந்திருக்கறதப் பாரு! கேட்டா வாயத் தொறக்குறதில்ல, தலைய ஆட்டுறதில்ல. இந்த வீட்ல ஒருத்தன்கிட்டயும் ஒரு விஷயம் வாங்க முடியாதுலா!"

கேட்டதற்கு வாய் திறக்காத மகனிடம் அவர் சண்டை போடுகிற குரல் அது. ஓராண்டாக அந்த வீட்டில் கேட்காதது. அவர் இன்னும் திட்டிக்கொண்டே இருந்தார். பிரேமலா ஒன்றும் சொல்லாமல், எழுந்திருக்காமல், அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.